பட்டம் இறங்கியவர்கள்

டார்னோவோ கோட்டை,
புனித திமித்ரி திருநாளுக்கு அடுத்த வாரம்.

என் செல்ல மகள் கலினாவுக்கு அம்மா எழுதுவது.

உன்னையும் உன் கணவரையும், உன் மாமனாரான செர்பிய அரசரையும் கன்னித்தாய் காக்கட்டும். இங்கே நானும் உன் தம்பி ராத்கோவும் நலம். உன்னை வளர்த்த நேடாவும் நலம்தான். முழங்கால் வலி அவளை விட்டபாடில்லை, அதைத் திட்டுகிற வாயும் ஓய்ந்தபாடில்லை.

அப்பாவின் நாற்பதாம் நாள் வழிபாடு குறையில்லாமல் நடந்தது. நீ வர முடியாமல் போனதை நினைத்து வருந்தாதே. கணவாயில் பனி இறங்கிவிட்டது. நீ கிளம்பியிருந்தால் நானே ஆள் அனுப்பித் தடுத்திருப்பேன். படையலுக்கான கோதுமையை என் கையாலேயே வேகவைத்தேன். அரசி அடுப்படியில் நிற்கலாமா என்று சமையல்கட்டில் எல்லோருக்கும் பதற்றம். நம் குடும்பம் அரியணை ஏறி ஆறு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன் மலையடிவாரத்துச் சின்னக் கோட்டையில் உன் அப்பாவுக்குப் பொங்கிப் போட்டவள் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாததா? தேனும் அக்ரூட்டும் கலந்து வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். ஒவ்வொருவரும் ஒரு கை வாங்கி, ‘கடவுள் வெலிமிர் அரசரை மன்னிப்பாராக’ என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும் இரண்டாம் முறை வந்தார். முதல் முறை சரியாக மன்னிக்கவில்லையாம். அப்பா இருந்திருந்தால் அந்த ஆளுக்கு ஒரு கூடையே கொடுத்திருப்பார்.

ராத்கோவுக்கு மகுடம் சூட்டியாகிவிட்டது. பெரிய ஆயர்தான் சூட்டினார். மகுடம் காது வரை இறங்கியதால் உள்ளே துணி வைத்துத் தைத்தோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அரியணையில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை. முதல் சபையன்று படைத்தலைவர் ஸ்தோயான் வெகு நேரம் பேசினார். பிரபுக்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். இவன் காலை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று, ‘நான்தானே ராஜா? அப்புறம் ஏன் நீங்களே பேசிட்டு இருக்கீங்க?’ என்றான். ஸ்தோயான், ‘நாங்க பேசுவோம், ராஜா யோசிப்பாரு, அதான் வழக்கம்’ என்றார். ‘அப்ப சரி. நான் யோசிச்சு முடிச்சாச்சு. வெளையாடப் போறேன்’ என்று இறங்கி ஓடிவிட்டான். அப்பா போனபின் அந்த மண்டபத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். ஸ்தோயானும் சிரித்தார். ஆனால் எல்லோரும் சிரித்து முடித்தபின் சிரித்தார்.

ஸ்தோயானை உனக்கு நினைவிருக்கும். மலையடிவாரத்திலிருந்து நம்மோடு வந்தவர், சின்ன வயதில் உனக்கு மரக்குதிரை செதுக்கித் தந்தவர். கெட்ட மனிதர் இல்லை. போன வாரம் என்னிடம் தனியாக வந்து, ‘அரசி, பொம்பள சொன்னா படை கேக்காது. உங்க பக்கத்துல ஒரு ஆம்பள நின்னாத்தான் கேக்கும்’ என்றார். எந்த ஆம்பளை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த நேடா, அவர் போனதும், ‘தாடிக்கு எண்ணெ தடவிக்கிட்டு வந்திருக்காரு பாத்தீங்களா? பொணத்து வீட்டுக்கு வர்ற ஆளு யாரும்மா தாடிக்கு எண்ணெ தடவுவாங்க’ என்றாள். நான் அதட்டினேன். அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

இனி வேறு விஷயம். டான்யூபுக்கு அப்பால் தாத்தாரியர் முகாமில் ஓர் இளவரசன் இருக்கிறான். நமக்கு முன் ஆண்ட குடும்பத்துப் பிள்ளை. துரத்தப்பட்டுப் பல வருஷமாக அங்கே கிடந்தவனுக்கு இப்போது பெண்ணும் குதிரைகளும் கொடுத்திருக்கிறார்களாம். உன் அப்பா அரசரானபோதும் அந்த முகாமிலிருந்து ஒரு தலையசைப்பு வந்த பிறகுதான் ஆனார். இப்போது அந்தத் தலை வேறு பக்கம் அசைகிறது. பனி உருகினால் ஆற்றைக் கடப்பார்கள் என்று சந்தையில் மீன் விற்பவள் வரைக்கும் பேச்சு.

அதனால்தான் கேட்கிறேன். உன் மாமனாரிடம் கொஞ்சம் குதிரைப்படை கேட்டுப் பார். சபையில் கேட்காதே. வேட்டையிலிருந்து திரும்பி, சாப்பிட்டு, உற்சாகமாக இருக்கும்போது கேள். அழாதே. அழுகிற மருமகளைக் கண்டால் மாமனார்களுக்குப் பொறுமை போய்விடும். உன் கணவரை முன்னால் நிறுத்திக் கேட்டால் இன்னும் நல்லது.

போன கடிதத்தில் திராட்சை அறுவடை பற்றி எழுதியிருந்தாய், பட்டு நூல் பற்றி எழுதியிருந்தாய், மழை பற்றி இரண்டு தடவை எழுதியிருந்தாய். உன் கணவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரியாவது எழுது. என்ன வரியானாலும் பரவாயில்லை.

குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்புகிறேன். நேடா பின்னியது. ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் இருந்தால் அது அவள் கண்ணின் குறை, அன்பின் குறை அல்ல என்று சொல்லச் சொன்னாள்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

பல்கேரியரின் அரசியும் உன் அம்மாவுமான
ஸ்லாவெனா


அட்ரியானோபிள்,
கன்னித்தாய் விண்ணேற்புத் திருநாள் கழிந்து.

என் கலினாவுக்கு.

இந்தக் கடிதம் கிரேக்கர் ஊரிலிருந்து வருகிறது என்று பார்த்ததும் உனக்குப் பாதி விளங்கியிருக்கும். உன் தம்பி உயிரோடு இருக்கிறான். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

உன் பதில் நாற்பது நாள் நோன்புக்குள்ளேயே வந்து சேர்ந்தது. உன் மாமனார் சிரித்துக்கொண்டே, ‘உங்கம்மாவுக்காக வேண்டிக்கறேம்மா’ என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நீ எப்படிக் கேட்டாய், எத்தனை பேர் முன்னால் அந்தச் சிரிப்பைத் தாங்கினாய் என்பதை எழுதவில்லை. நான் கேட்கச் சொன்னதைக் கேட்டாய். அது போதும்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் தாத்தாரியர் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். வழியில் ஊர்கள் ஒவ்வொன்றாக வரவேற்பு ரொட்டியும் உப்பும் எடுத்துக்கொண்டு அந்த இளவரசன் எதிரே போய் நின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சபையில் இரண்டு பிரபுக்கள் என் முகத்தைப் பார்க்காமல், ‘சின்ன ராஜாவ அவங்க கையில ஒப்படைச்சிட்டா ஊரு தப்பிக்கும்’ என்றார்கள். ஸ்தோயான் மேசையைத் தட்டி அவர்கள் வாயை அடக்கினார். அன்று மதியமே என்னிடம் வந்தார். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. ‘வர்ற ஞாயித்துக்கெழம கல்யாணத்த வெச்சுக்குவோம். எனக்கும் மகுடம் உண்டுன்னா படை என் பின்னாடி நிக்கும். மதில நான் காப்பாத்தறேன். அது என் பொறுப்பு’ என்றார்.

சொன்னதைச் செய்யக்கூடியவர் அவர். டார்னோவோ மதிலை வெளியே நின்று தாக்கி இடித்தவன் இதுவரை யாரும் இல்லை. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ‘நமக்கு ஒரு பையன் பொறந்தா, ராத்கோ என்ன ஆவான்?’

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே யந்த்ரா ஆற்றில் பெண்கள் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. கடைசியில், ‘மடத்துல விட்டா நல்லாப் பாத்துக்குவாங்க’ என்றார்.

‘கண்ணோடயா, இல்ல மத்த ராஜா புள்ளைங்க மாதிரி கண்ணப் புடுங்கிட்டா?’

அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை, கலினா. பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்திருந்தால் அன்றைக்கு நான் நம்பியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணமும் நடந்திருக்கும். நேர்மையான மனிதர் என்பதால்தான் உன் தம்பி பிழைத்தான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

யோசித்தபோது உன்னையும் நினைத்தேன். நான் அரசியாகவே இருந்தால் நீ அரசியின் மகள். இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாலும் அரசியின் மகள்தான். உன் மாமனார் வீட்டில் உன்னை யாரும் எளிதில் ஒரு சொல் சொல்ல முடியாது. நான் இறங்கிப் போனால் உனக்கென்று பின்னால் நிற்க யாரும் இல்லை. இதையெல்லாம் நினைக்காமல் கிளம்பிவிட்டேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கலாம். நினைத்துத்தான் கிளம்பினேன். ஒரு பக்கம் உன் மரியாதை, ஒரு பக்கம் அவன் கண்கள். என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும்.

ராஜாக்கள் ஓடிப்போவதென்றால் எல்லோரும் ராத்திரிக் காவலைத்தான் கெட்டிப்படுத்துவார்கள். நான் பகலைத் தேர்ந்தெடுத்தேன். பெந்தெகொஸ்தேக்கு முந்திய சனிக்கிழமை, இறந்தவர்களுக்குப் படைக்கிற நாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் கோதுமையும் செர்ரிப் பழமும் கூடையில் எடுத்துக்கொண்டு கல்லறைகளுக்கு இறங்குவார்கள். அப்பாவின் கல்லறையும் குன்றுக்குக் கீழே ஆற்றோரக் கோயிலில்தானே இருக்கிறது. நான் கறுப்பு உடுத்தி ஒரு கூடை எடுத்துக்கொண்டேன். நேடா ஒரு கூடை எடுத்துக்கொண்டாள். மகுடத்தை எடுத்துப் போய் விற்றால் பிள்ளைக்கு ஆகுமே என்று எனக்கு ஒரு சபலம். நேடாதான், ‘வெச்சுட்டு வாங்கம்மா. தொப்பிய எடுத்துட்டுப் போனாத் தேடிக்கிட்டு வருவாங்க. தலையத் தேடிக்கிட்டு எவனும் அவ்வளவு தூரம் வரமாட்டான்’ என்றாள். அரியணை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். உள்ளே தைத்திருந்த துணியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

வாசல் காவலன் கிரோஸ்தன். மூக்கு உடைந்தவன், மலையடிவாரத்தில் நீ குட்டியாக இருந்தபோது பயப்படுவாயே, அவன்தான். அவன் ராத்கோவுக்குக் குறுக்கே ஈட்டியை வைத்து, ‘அம்மா, நீங்க போலாம். சின்ன ராஜா எறங்கக் கூடாதுன்னு உத்தரவு’ என்றான்.

‘அப்பன் கல்லறைக்குப் போறான்’ என்றேன்.

‘எப்பத் திரும்புவீங்க?’

வெயிலுக்கு முன் என்று சொல்லியிருக்கலாம். நேற்றுவரை எத்தனையோ தூதர்களிடம் எத்தனையோ சொன்ன வாய்தான். அந்த மனிதனிடம் பொய் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் பெண்கள் கூடைகளோடு நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி, ‘என்ன அங்க, நகருங்க’ என்றாள். கிரோஸ்தன் என் முகத்தையே பார்த்தான். பிறகு கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி கோதுமை எடுத்து, ‘கடவுள் வெலிமிர் அரசரை மன்னிப்பாராக’ என்று சொல்லிச் சாப்பிட்டான். இன்னொரு பிடி எடுத்தான். ‘இது நம்ம சின்ன ராஜாவுக்கு. கடவுள் அவரையும் மன்னிப்பாராக.’ அதையும் மென்று விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: ‘செத்த ராஜாவை வெளிய விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு ஒண்ணும் இல்ல. போங்கம்மா.’

ராத்கோவுக்குக் கோபம். ‘நான் எங்க செத்தேன்?’ என்று ஆரம்பித்தான். நேடா அவன் தோளைக் கிள்ளி, ‘பொணம் பேசாது. வாய மூடிக்கிட்டு நட’ என்றாள். அத்தனை பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாலத்தைத் தாண்டுகிறவரை அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்பாவிடம் அதிக நேரம் நிற்கவில்லை. நின்றால் நகர முடியாது என்று தெரியும். கோயிலுக்குப் பின்னால் நேடாவின் அக்காள் மகன் கம்பளி மூட்டை ஏற்றிய வண்டியோடு காத்திருந்தான். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மலையைக் கடந்தோம். வழியில் ஒரு தயிர்க்காரி எங்களுக்குச் சட்டி நிறையத் தயிர் ஊற்றிக் கொடுத்தாள். புது ராஜா வரப்போகிறார் தெரியுமா என்று கேட்டாள். பழைய ராஜா எப்படி என்று ராத்கோ கேட்டான். ‘தெரியலயே தம்பி. அவரு நம்ம பக்கம் வரவே இல்ல’ என்றாள். நாங்கள் ஆண்டது அவ்வளவுதான்.

அப்புறம் கேள்விப்பட்டது இது. அடுத்த வாரமே ஸ்தோயான் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டாராம். புது அரசர் அவரைப் படைத்தலைவராகவே வைத்துக்கொண்டாராம். கிரோஸ்தன் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியவில்லை. வருகிறவர்களிடம் விசாரிக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே கிரேக்க ஆளுநர் எங்களுக்குத் தோல் பதனிடுகிறவர்கள் தெருவில் இரண்டு அறை கொடுத்திருக்கிறார். காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை அவருடைய ஆள் வந்து ராத்கோவை நிற்கவைத்துப் பார்த்துவிட்டுப் போகிறான், சந்தையில் கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல. என்றைக்காவது பல்கேரிய அரியணைக்கு நிறுத்த உதவுவான் என்று கணக்கு. அதற்குள் நம் பிள்ளை தெருப்பிள்ளைகளோடு சேர்ந்து கிரேக்கத்தில் திட்டக் கற்றுக்கொண்டான். உதவாத பிள்ளையாக வளரட்டும் என்று நேடா மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

இப்போது உன்னைப் பற்றி. உன் பக்கத்திலிருந்து வந்த துறவி ஒருவர் நம் வீட்டில் சாப்பிட்டார். அவர் தானாக எதுவும் சொல்லவில்லை, நான்தான் விடாமல் கேட்டேன். விருந்தில் உன்னைக் கீழ் வரிசைக்கு மாற்றிவிட்டார்களாம். ஹங்கேரியிலிருந்து வேறு பெண் பார்க்கிறார்கள் என்று பேச்சு இருக்கிறதாம். உன் மாமனார் எல்லோர் முன்னாலும், ‘நீ இப்ப யாரு வீட்டுப் பொண்ணும்மா?’ என்று கேட்டாராம். நீ தலை குனியாமல், ஒன்றும் சொல்லாமல் நின்றாயாம்.

அடுத்த முறை கேட்டால் பதில் சொல். இந்த வீட்டுப் பெண் என்று சொல். தேவாலயத்தின் மகள் என்று சொல். வெலிமிரின் மகள் என்று மட்டும் சொல்லாதே. ஸ்லாவெனாவைத் திட்டிப் பேசினால் நீயும் சேர்ந்து திட்டு. மகனைத் தூக்கிக்கொண்டு மகுடத்தை விட்டு ஓடினவள் என்று சொல். உண்மைதானே. எனக்கு வருத்தம் வராது. கடிதமும் வேண்டாம். அட்ரியானோபிளிலிருந்து உனக்குக் கடிதம் வருகிறது என்று தெரிந்தால் கிரேக்கருக்கு உளவு சொல்கிறாய் என்பார்கள். இதைப் படித்ததும் எரித்துவிடு.

அந்தத் துறவி இன்னொன்றும் சொன்னார். கோடை மழையில் கோயில் சில்லிட்டிருந்த ஒரு நாள் உன் கணவர் தன் மேலங்கியைக் கழற்றி, யாரையும் பார்க்காமல், உன் தோளில் போட்டாராம். அவருக்கும் பதினேழு வயதுதானே ஆகிறது. அது உண்மையானால் அங்கேயே இரு. கீழ் வரிசையாக இருந்தாலும் இரு. எல்லோரும் பார்க்கும் இடத்தில் மேலங்கியைக் கழற்றித் தருகிற பையன் மெதுவாக அப்பாவுக்கு எதிராகப் பேசவும் கற்றுக்கொள்வான்.

ஒருவேளை அது ஒரே ஒரு குளிருக்குச் செய்ததாக இருந்தால், மடத்தில் சேர்த்துவிடுவோம் என்று அவர்கள் சொன்னால், நீயே முடிவு செய். வா என்று கூப்பிட எனக்கு ஒரு நாடும் இல்லை. போகாதே என்று சொல்ல ஒரு படையும் இல்லை. செய்தி மட்டும் சொல்கிறேன். உன் பக்கத்து ஸ்கோப்யேயிலிருந்து மெழுகு வியாபாரிகள் அறுவடைக்குப் பின் இந்த ஊருக்கு வருகிறார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள், நல்லவர்கள். தோல் தெருவில் பல்கேரியக்காரி வீடு என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் காட்டும். பின்னறையில் வெளிச்சம் நன்றாக வரும், தையலுக்கு ஏற்றது. இப்போதைக்கு அங்கே யாரும் படுப்பதில்லை. வாசல் கதவு பழையது, சாத்தினாலும் முழுதாக மூடாது. ஆசாரியை அழைத்துவரட்டுமா என்று நேடா கேட்டாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் உன் தட்டில் சூடான உணவும் உன் பக்கத்தில் ஒரு நல்ல மனிதரும் இருக்கட்டும். என் வேண்டுதலில் முதல் பெயர் உன்னுடையது. அதை மட்டும் எந்த அரசரும் கீழ் வரிசைக்கு மாற்ற முடியாது.

அம்மா